ஆறு கிழமை காத்திருக்க வேண்டிய ரவை

கைத்துப்பாக்கிக்கு அபூர்வமான பெரிய ரவை நல்லதா, எந்தக் கடையிலும் கிடைக்கிற சாதாரண ரவை நல்லதா? எங்கள் ஊரில் இந்தக் கேள்வியை யாரும் சாப்பாட்டு மேசையில் வைத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. இத்தாலியில், பலெர்மோவில் நான் வேலை பார்த்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கதைத்தார்கள், மாமனாரும் மருமகனும். பாஸ்தா ஆறிப்போகும், கதை ஆறாது. நான் தட்டு எடுக்க வந்தவள் போல நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

மாமனார் ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். வுச்சீரியாச் சந்தைக்குப் பக்கத்தில் காலமெல்லாம் கடை வைத்திருந்து, பிறகு அதை விற்றுவிட்டார். மனைவியும் போய்ச்சேர்ந்த பிறகு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருந்தார். ஊரே அவரை டாக்டர் என்ற பொருளில் டொத்தோரே என்றது, நானும் அப்படியே கூப்பிட்டேன். சமைப்பது, நிலம் துடைப்பது, உடுப்புத் தோய்த்து மினுக்குவது எல்லாம் என் வேலை. அவர் பேசியது இத்தாலியன்தான். ஆனால் அது என் காதில் எப்போதும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுந்தது, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

துப்பாக்கி அவருடைய தகப்பன் பட்டாளத்தில் இருந்த காலத்தில் வைத்திருந்தது. மரப்பிடி போட்ட, நீளக் குழலுள்ள பழைய சுழல் துப்பாக்கி. பொலிஸ் தலைமையகமான குவெஸ்தூராவில் பதிந்துதான் வைத்திருந்தார், ரவைகளையும் சேர்த்து. அந்த ரவை பத்து மில்லிமீட்டருக்கும் கொஞ்சம் கூடிய தடிப்பு, என் பெருவிரல் நுனி அளவு வரும். அந்தக் காலத்துப் பட்டாளத்தோடு அந்த அளவும் வழக்கொழிந்துவிட்டது. கடைகளில் கேட்டால் கையை விரிப்பார்கள். டொத்தோரேயிடம் ஒரு கைப்பிடி மட்டும் ஒரு சுருட்டு டப்பாவுக்குள், மேசையின் இழுப்பறையான லாச்சியில் இருந்தது.

மருமகன் வங்கியில் வேலை பார்த்தவர். ஞாயிறு காலையில் சுடும் பயிற்சித் திடலுக்குப் போய்ச் சுட்டுவிட்டு, வெடிமருந்து மணக்கிற கையோடு சாப்பிட வருவார்.

“மாமா, உங்கடை ரவையாலை ஒரு பிரயோசனமும் இல்லை,” என்று தொடங்குவார். “பெரிசு எண்டால் பலம் எண்டு நினைக்கிறியள். உது மெல்லமாய்ப் போற கட்டை. என்ரை முப்பத்தெட்டுத் துவக்குக்கு ரவை எந்தக் கடையிலையும் வாங்கலாம், கிழமைக்குக் கிழமை சுட்டுப் பழகலாம். நீங்கள் உதை ஒருக்காலெண்டாலும் சுட்டுப் பாத்தியளே? சுட்டால் ஒண்டு குறைஞ்சுபோம் எண்டு பயம். பழகாத துவக்கு விளக்குமாத்துக்குச் சமன்.”

“பெரிசிலை ஒண்டு போதும்,” என்பார் டொத்தோரே, முள்ளுக்கரண்டியைச் சுழற்றியபடி.

“அந்த ஒண்டு வெடிக்குமோ எண்டு ஆருக்குத் தெரியும்? பழைய மருந்து. விசையை இழுக்கேக்கை வெடிக்காது. வெடிக்கேல்லையே எண்டு குழலைத் திருப்பிப் பாக்கேக்கைதான் வெடிக்கும்.”

அந்த இடத்தில் மகள் கத்துவாள், கதை நிற்கும். அடுத்த ஞாயிறு மறுபடி தொடங்கும்.

சந்தேகம் என் பிறவிக்குணம். பல்லாரோச் சந்தையில் மீன்காரன் “இன்று பிடித்தது” என்று மாதா மேல் ஆணையிட்டாலும் நான் செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன். டொத்தோரே விடயத்தில் எனக்கு உறுத்தியது இதுதான்: மருமகன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. டொத்தோரே ஒரு நாளும் அதை மறுத்து நியாயம் சொன்னதும் இல்லை. காலமெல்லாம் மருந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்த மனிதர், எல்லாவற்றுக்கும் காரணம் கேட்கிறவர், இந்த ஒன்றில் மட்டும் சின்னப் பிள்ளை போல அடம்பிடித்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது என்றுதானே நினைக்க வேண்டும்?

என் மனுசன் அதற்கு எண்ணெய் ஊற்றினார். அவருக்குக் கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையின் குசினியில் வேலை. நாங்கள் அல்பெர்கேரியாவில், அடுத்த வீட்டுக்காரி வெங்காயம் வதக்கினால் எங்கள் கண் எரிகிற ஒடுக்கமான ஒழுங்கையில் ஓர் அறையில் இருந்தோம்.

“உம்மடை டொத்தோரே ஆரெண்டு உமக்குத் தெரியுமோ?” என்று கேட்டார். “உந்த ஊரிலை கண்டவனும் காணேல்லை எண்டுதான் சொல்லுவான். நீர் வாயையும் கண்ணையும் பொத்திக்கொண்டு வேலையைச் செய்யும்.”

வாயைப் பொத்தினேன். கண்ணைப் பொத்த முடியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் டொத்தோரேக்குச் சவரம் செய்ய ஒரு சலூன்காரர் வருவார். மருந்துக்கடைக்கு எதிரே கடை வைத்திருந்தவர், மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். அவர் வருகிற நேரம் டொத்தோரே லாச்சியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். மகள் வந்தாலும் எழும்பாத மனிதர், முழங்கால் நோவோடு எழுந்து குசினிக்கு வந்து, என்னை விலக்கிவிட்டுத் தன் கையால் கோப்பி போட்டுச் சலூன்காரருக்குக் கொடுப்பார். அவர் குடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நிற்பார். ஒரு மருந்துக்கடை முதலாளி முகம் வழிக்க வந்தவருக்கு ஏன் இப்படிப் பணிந்து நடக்க வேண்டும்? இந்தச் சலூன்காரர் யாரோ பெரிய ஆளின் ஆள், டொத்தோரேக்கு இவரிடம் பயம் என்று நான் முடிவு கட்டினேன். முடிவு கட்ட எனக்கு அதிக நேரம் தேவைப்படுவதில்லை.

பங்குனிக் கடைசியில் அந்தக் கட்டிடத்தின் இரண்டாம் மாடியில் கதவை உடைத்துக் களவு போனது. மருமகன் குதித்தார். நாளைக்கே ஒரு முப்பத்தெட்டு வாங்குவோம், ரவையையும் கையோடு வாங்கலாம் என்றார். டொத்தோரே கேட்கவில்லை. “என்ரை துவக்குக்கே புது ரவை சொல்லி எடுப்பிக்கிறன்,” என்று மறுநாளே ஆயுதக் கடைக்குப் புறப்பட்டார். படியிறங்க அவருக்கு ஒரு தோள் வேண்டும் என்பதால் நானும் போனேன்.

கடைக்குள் துப்பாக்கி எண்ணெய் மணத்தது. நகைக்கடையில் காப்பு அடுக்கியது போலக் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகளை அடுக்கியிருந்தார்கள். டொத்தோரே கோட்டுப் பையிலிருந்து தன் ரவை ஒன்றை எடுத்து மாதிரிக்காகக் கண்ணாடியின் மேல் நிறுத்தினார். கடைக்காரர் அவருடைய வயதுதான், பழைய சிநேகிதர். அவர் அதை இடுக்கி போல ஒன்றால் அளந்து குறித்துக்கொண்டார்.

“வழக்கம் போலைதான்,” என்றார். “வடக்கிலை ஒரு மனுசன் கையாலை செய்து அனுப்பவேணும். ஆறு கிழமை, ஒண்டரை மாசம் செல்லும். டொத்தோரே, நான் வியாபாரி, எனக்கு விக்கிறதுதான் லாபம். ஆனாலும் சொல்லுறன், உந்த ரவைக்கு நீங்கள் படுற பாடு தகாது. நீங்கள் ஆறு கிழமை காத்திருக்கேக்கை கள்ளன் வீட்டையே தூக்கிக்கொண்டு போயிடுவான்.”

“காத்திருப்பம்.”

“போன முறையும் உப்பிடித்தான் காத்திருந்தனீங்கள். வந்து இறங்கினாப்போலை எடுக்க வரேல்லை. அதுக்கு முந்தின முறையும் நான்தான் திருப்பி அனுப்பினனான்.”

டொத்தோரே சிரித்தார். கடைக்காரர் சிரிக்கவில்லை. நான் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். எடுக்கப் போகாத சாமானை ஏன் ஒருவர் திரும்பத் திரும்பச் சொல்லி வைக்க வேண்டும்? இது ரவை வாங்குகிற கதையே இல்லை, யாருக்கோ ஏதோ தகவல் போகிறது என்று எனக்குப் பட்டது.

அந்த வருடங்களில் பலெர்மோவின் பல சந்திகளில் பட்டாளம் நின்றது, குண்டு வைத்துக் கொல்லப்பட்ட நீதிபதிகள் போக, மற்ற நீதிபதிகளின் வாசல்களைக் காவல் காக்க. சீருடை கண்டால் என் கை இன்றைக்கும் தானாக அடையாள அட்டையைத் தேடும். திரும்பி வரும் வழியில் ஒரு சந்தியில் பட்டாளத்துப் பையன் ஒருவன் நின்றான். டொத்தோரேயின் பைக்குள் ரவை இருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அவன் எங்களைப் பார்த்து “போன்ஜோர்னோ” என்று வணக்கம் சொன்னான். அதையும் நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றியபோதுதான் பை கிழிந்திருந்ததையும் உள்துணி தொங்குவதையும் கண்டேன். என் தையல் மெஷின் எங்கள் அறையில் இருந்தது. ரவையை அவர் எடுத்து டப்பாவில் போட்டிருப்பார் என்று நினைத்து, தைத்துக் கொண்டுவருகிறேன் என்று கோட்டை எடுத்துப் போனேன். அடுத்த நாள் காலை சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பிவந்தபோது கோட்டு கட்டிலில் கிடந்தது, கீழ்மடிப்பு பிரிக்கப்பட்டிருந்தது. மனுசன் வேலைக்குப் போய்விட்டார். என்ன கோதாரி என்று எனக்கு விளங்கவில்லை. பையையும் மடிப்பையும் தைத்து, கோட்டைக் கொண்டுபோய் டொத்தோரேயின் அலமாரியில் மாட்டினேன்.

பின்னேரம் மனுசன் வந்தார். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“கோட்டைத் தள்ளி வைப்பம் எண்டு தூக்கினன். அடிமடிப்பிலை கல்லு மாதிரி ஒண்டு. பிரிச்சால் ரவை. பொக்கற் ஓட்டையாலை உள்ளை விழுந்திருக்கு.”

“இப்ப எங்கை அது?”

“கடலிலை,” என்றார். முகத்தில் ஒரு பெருமை வேறு. “மீன் குடல் போடுற வாளிக்கை போட்டுக் கொண்டுபோய்ப் பாறையிலை நிண்டு கொட்டிப்போட்டன். ஒருத்தரும் காணேல்லை.”

திட்ட வாயெடுத்தேன். ஆனால் அவரை முழுதாகத் திட்டவும் முடியவில்லை. எங்கள் ஊரில் வீட்டுப் பக்கம் சூடு கேட்டு ஓய்ந்தால், முதல் வேலை முற்றத்தைக் கூட்டுவது. வேலியோரம், மாட்டுக் கொட்டில், கோழிக்கூட்டுக்குக் கீழே என்று தேடி, வெற்றுக் கோதோ வெடிக்காத ரவையோ எது கிடந்தாலும் பொறுக்கிக் கிணற்றுக்குள் போடுவோம். தேடுதலுக்கு வருகிறவன் ஒன்றைக் கண்டெடுத்தால் போதும், அந்த வீட்டு ஆம்பிளையை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். யாரும் யாரையும் கேட்பதில்லை, கண்டவர் போடுவார். கோடையில் தண்ணீர் வற்றினால் கிணற்றின் அடியில் பித்தளை மினுங்கும். அந்தத் தண்ணீரைத்தான் குடித்தோம். ஆகவே கோட்டுக்குள் ரவையைக் கண்ட யாழ்ப்பாணத்தான் வேறு என்ன செய்வான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

“இது எங்கடை முத்தத்திலை விழுந்ததில்லை!” என்றேன். “அவர் பொலிசிலை பதிஞ்சு வைச்சிருக்கிற ரவை. ஒண்டு குறைஞ்சால் அவர் பதில் சொல்லவேணும். அவர் ஆரைக் கேப்பார்? வீட்டுக்குள்ளை நான்தானே போய் வாறன்!”

“கத்தாதையும். அதே மாதிரி ஒண்டு வாங்கி லாச்சிக்கை வைச்சுவிடுவம்.”

“எங்கை வாங்கிறது? அது உலகத்திலை இல்லாத ரவை!”

மருமகனின் முப்பத்தெட்டாக இருந்திருந்தால் ஒன்று குறைந்ததை ஒரு குருவியும் கவனித்திராது. ஒரு பெட்டி முடிந்தால் அடுத்த பெட்டி. இது அப்படியா? கைப்பிடி அளவுதான் இருந்தது, ஒவ்வொன்றும் டொத்தோரேக்கு முகம் தெரிந்த பிள்ளை மாதிரி. பெரிய ரவையால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று மருமகன் சொன்னதை அன்று நான் மனதார ஒப்புக்கொண்டேன்.

எனக்கு இதில் போக இருந்தது வேலை மட்டுமில்லை. என் வதிவிட அனுமதி, பெர்மெஸ்ஸோ, வைகாசியோடு முடிய இருந்தது. அதைப் புதுப்பிக்க டொத்தோரே என்னோடு குவெஸ்தூராவுக்கு வந்து, இவள் என் வீட்டில் வேலை செய்கிறாள் என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடாவிட்டால் நான் களவாக இருப்பவள். பொலிசில் என்னைப் பற்றி ஒரு சொல் தப்பாகச் சொன்னால் அதற்கும் கீழே. திரும்பிப் போவதென்றால் எங்கே போவது? சித்திரை பிறந்ததும் வாறன் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். இப்போது கேட்டால், “நாளைக்குப் பாப்பம், பிள்ளை,” என்றார். அடுத்த நாளும் அதையேதான் சொன்னார்.

அவர் தேடுவதை நான் கண்டேன். டப்பாவைத் திறப்பார், மூடுவார். கதிரைக் குஷனைத் தூக்குவார், அலமாரிக்குக் கீழே கைத்தடியை விட்டுத் துழாவுவார். நான் அறைக்குள் வந்தால் நிறுத்திவிட்டுப் பத்திரிகையை எடுப்பார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போதும் சாத்திக் கிடக்கிற லாச்சி இப்போது திறந்தே கிடந்தது. இது பொறி, நான் கையை வைக்கிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்து, அந்த மேசையின் தூசியைக்கூடத் துடைக்காமல் விட்டேன். பிறகு, தூசி துடைக்காததே சந்தேகமாகப் படும் என்று ஓடிப்போய்த் துடைத்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குற்றமில்லாத நெஞ்சும் அந்த நாட்களில் நன்றாகவே குறுகுறுத்தது.

ஞாயிற்றுக்கிழமை மருமகனுக்கு விடயம் தெரிந்துவிட்டது. “ரவை ஒண்டு குறையுதெண்டால் குவெஸ்தூராவிலை சொல்லத்தான் வேணும், மாமா,” என்றார். “அவையின்ரை முதல் கேள்வி, வீட்டுக்கை ஆர் வந்து போகினம் எண்டது.” சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டை நான் பார்த்தேன்.

மனுசன் மலைக்கு ஏறி, குகைக்குள் இருக்கிற ஊர்க் காவல் புனிதை சந்தா ரொசாலியாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார். எங்கள் பிள்ளையாருக்கும் சேர்த்து அவளிடமே சொல்லி வைப்பது இங்குள்ள எங்களவர் வழக்கம். “கடலிலை போட்டதை அவ என்னெண்டு எடுத்துத் தாறது?” என்று நான் எரிந்து விழுந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சலூன்காரர் வந்தார். வழக்கம் போல லாச்சி பூட்டப்பட்டது, கோப்பி போடப்பட்டது. கதவருகே நின்று நான் எட்டிப் பார்த்தபோது டொத்தோரே அவரிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். சலூன்காரர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, “சிந்யோரா, டொத்தோரேயைக் கொஞ்சம் கவனமாய்ப் பாருங்கோ. ஏதோ துலைச்சுப்போட்டுத் தேடுறார், நித்திரையும் இல்லையாம்,” என்றார்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ அது கடைசி எச்சரிக்கை போலக் கேட்டது. கதவைச் சாத்தினேன். வேலை எப்படியும் போகப்போகிறது, வாயைத் திறந்துவிட்டுப் போகட்டும் என்று நேரே அறைக்குள் போனேன்.

“டொத்தோரே, நீங்கள் தேடுற ரவை கடலிலை கிடக்கு,” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன், கோட்டு, ஓட்டை, மடிப்பு, மீன் குடல் வாளி. என் இத்தாலியன் அன்று பாதி வழியில் அறுந்து அறுந்து போனது. அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு சிரிக்கத் தொடங்கி, இருமி, கண்ணீர் வரச் சிரித்தார்.

“கோட்டு உள்துணிக்கையோ! நான் அதைக் கடையிலை, கண்ணாடிக்கு மேலை விட்டிட்டு வந்திட்டன் எண்டெல்லோ நினைச்சனான். ரெலிபோன் எடுத்துக் கேட்டன், இல்லை எண்டான். எடுத்து வைச்சுக்கொண்டு இல்லை எண்டுறான் எண்டு அவனோடை கதையையும் விட்டிட்டன். சின்ன வயசுச் சிநேகிதன்!”

“என்னிலை சந்தேகம் இல்லையோ?”

“உன்னிலையோ? நீ என்னத்துக்கு அதை எடுக்கிறாய், பிள்ளை? உலகத்திலை வேறை ஒரு துவக்குக்கும் பொருந்தாத சாமான்.”

“அப்ப ஏன் கையெழுத்துப் போட வரேல்லை?”

அவர் வெட்கப்பட்டார். “குவெஸ்தூராவுக்குள்ளை காலை வைச்சால் ரவை துலைஞ்சதையும் சொல்லவேணும். தேடி எடுத்துப்போட்டுப் போவம் எண்டு பாத்தன். அவ்வளவுதான்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இத்தனை நாள் நான் செத்துச் செத்துப் பிழைத்தது இதற்கா?

பிறகு அவர் முகம் மாறிக் கேட்டார், “உன்ரை மனுசன் ஏன் அதை எறிஞ்சவர்? என்னட்டைத் தந்திருக்கலாமே?”

கிணற்றைச் சொன்னேன். அடியில் மினுங்கிய பித்தளையைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டிருந்த விதத்தில், தம்பியையும் சொன்னேன்.

என் தம்பிக்கு ஒரு பச்சைச் சைக்கிள் இருந்தது. யாரோ ஒருவன் பச்சைச் சைக்கிளில் காம்ப் வாசலில் நின்று பட்டாளத்தோடு கதைத்ததை யாரோ கண்டார்களாம். கண்டது காலையில். பின்னேரம் சந்தியில் விளக்குக் கம்பத்தோடு என் தம்பி சுடப்பட்டுக் கிடந்தான். ஊர்ப் பெடியன்கள்தான். எந்த இயக்கம் என்று இன்றைக்கும் நான் சொல்வதில்லை, அன்று பல இருந்தன. பிறகு இரண்டு பேர் வீட்டுக்கு வந்து, பிழை நடந்துபோச்சு, அது வேறு சைக்கிள் என்றார்கள். அவர்களில் ஒருவன் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னைவிட இளையவன்.

டொத்தோரே கைத்தடியை எட்டி எடுத்தார். பிறகு, வீட்டில் எங்களைத் தவிர யாரும் இல்லாதபோதும், எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

“என்ரை கடைக்கு ஒருக்கால் நெருப்பு வைச்சவங்கள்,” என்றார். “கப்பக் காசு கேட்டு ஆள் விட்டவங்கள், நான் குடுக்கேல்லை. விடிய வந்து பாத்தால் கதவு கரிக்கட்டை. முன் கடைக்காரன் முதல் நாள் மண்ணெண்ணெய்க் கலன் தூக்கிக்கொண்டு போனதை என்ரை கண்ணாலை கண்டனான். அவன்தான் எண்டு எனக்கு நிச்சயம். அப்பான்ரை துவக்கை எடுத்தன். ரவை ஒண்டும் இல்லை. நேரை ஆயுதக் கடைக்குப் போனன். ஆறு கிழமை செல்லும் எண்டான்.”

“வேறை துவக்கு?”

“வேறை வாங்க அனுமதி எடுக்கவேணும், ஏன் எதுக்கெண்டு கேள்வி வரும். அப்பான்ரை பதிஞ்சு கிடந்தது. சரி, காத்திருப்பம் எண்டு இருந்தன். முதல் கிழமை நித்திரையில்லை. ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்குள்ளாலை அவனைப் பாத்துக்கொண்டு நிண்டன், ஆர் ஆருக்கோ முகம் வழிக்கிறான், சிரிக்கிறான். நாலாம் கிழமை, நெருப்பு வைச்சவன் பிடிபட்டான். வேறை பகுதி ஆள், இவனுக்கு அவனை ஆரெண்டும் தெரியாது. இவன்ரை மண்ணெண்ணெய் கடையிலை இருந்த ஹீட்டருக்கு. ஆறாம் கிழமை ரவை வந்தது. போய் எடுத்தன், டப்பாவிலை போட்டன். அதுதான் இது. ஒண்டும் சுடேல்லை.”

முன் கடை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. “சலூன்காரரோ?”

“ஓம். அவருக்குத் தெரியாது. சொல்லிப்போடாதை.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று நாங்கள் சொல்வோம். புத்தி திரும்பி வர எவ்வளவு நாள் செல்லும் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

“மருமகன் சொல்லுறது முழுக்கச் சரி,” என்றார் டொத்தோரே. “சுடுறதுக்கு உது உதவாத ரவை. விலை கூட, கிடைக்காது, வெடிக்குமோ தெரியாது. அவர் ஒவ்வொரு முறையும் கடையிலை கிடைக்கிறதை வாங்கச் சொல்லி நெருக்கேக்கை, நான் இதைச் சொல்லி வைக்கிறன். ஆறு கிழமையிலை அவரின்ரை பயம் போயிடும், என்ரை பயமும் போயிடும். பிறகு என்னத்துக்கு எடுக்கிறது? கைக்கெட்டின உடனை வெடிக்கிற சாமானை இந்த வீட்டுக்கை விடமாட்டன். எனக்கு என்னைத் தெரியும்.”

திங்கட்கிழமை குவெஸ்தூராவுக்குப் போனோம். ரவையைத் தானே தொலைத்துவிட்டதாக அவர் எழுதிக் கொடுத்தார். பொய்யும் இல்லை, ஓட்டை அவருடைய பையில்தான் இருந்தது. பிறகு அடுத்த ஜன்னலுக்கு வந்து என் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல், கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஆயுதக் கடைக்குப் போய்ச் சிநேகிதரிடம் மன்னிப்புக் கேட்டார். கடைக்காரர் வைத வசவில் பாதி எனக்கு விளங்கவில்லை. ஆறு கிழமை கழித்து வந்த ரவையை அந்த முறையும் அவர் எடுக்கவில்லை.

குவெஸ்தூராவுக்குப் போன அதே கிழமை, வெள்ளியன்று சலூன்காரர் வந்தார். டொத்தோரே லாச்சியைப் பூட்டினார். எழுந்து குசினிக்கு வந்தார். நான் விலகி நின்றேன். கோப்பியைக் கொண்டுபோய்க் கொடுத்து, குடித்து முடியும் வரை பக்கத்தில் நின்று, பிறகு கதிரையில் சாய்ந்து தலையைப் பின்னால் வைத்தார். சலூன்காரர் கத்தியைத் தீட்டி அவருடைய கழுத்தில் வைத்து, மெல்ல மேலே இழுத்தார். இருவரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

நான் குசினிக்குத் திரும்பிவந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். எங்கள் ஊரில் எல்லாத் துவக்குக்கும் எப்போதும் ரவை இருந்தது. அன்று அந்தப் பெடியனுடைய துவக்குக்கு ரவை வர ஆறு கிழமை, வேண்டாம், ஒரேயொரு கிழமை பிந்தியிருந்தால், வேலியைப் பார்த்துக்கொண்டு நின்ற அவன் இன்றைக்கு எங்கேயோ ஒரு வீட்டில், ஏன் என்று சொல்லாமல், எழுந்து போய்த் தன் கையால் தேத்தண்ணி ஊற்றி என் தம்பிக்குக் கொடுத்துக்கொண்டிருப்பான்.